அடுப்பின் மறுபாதி

குழியின் அடியில் முதலில் தெரிந்தது நீல நிறம்.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. வெயில் ஏறத் தொடங்கிய முற்பகல். ஆள் உயரத்தைத் தாண்டிய சதுரக் குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் பேராசிரியர் ஜெய்த்தூன். கையில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரஷ். விளிம்பில் குடையுடன் நான். பக்கத்தில் மண் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார் பஞ்சவர்ணம். தோண்ட வந்த பெண்களுக்கு அவர்தான் தலைவி.

இரண்டாயிரம் வருடத்து மண்ணிலும் நீலம் வரும். கண்ணாடி மணிகள் அந்த நிறத்தில் கிடைப்பதுண்டு. அதனால் நான் குடையை மடக்கிவிட்டுக் குனிந்தேன். பஞ்சவர்ணமும் குனிந்தார்.

பிரஷ் போகப் போக நீலம் அகலமாகிக்கொண்டே வந்தது. மணி அப்படி அகலாது. கடைசியில் மடிப்பும் சுருக்கமுமாக ஒரு பிளாஸ்டிக் தாள் வெளிப்பட்டது. பேராசிரியர் அதன் ஓரத்தைத் தூக்கினார். அடியில், நட்டநடுவில், யாரோ பார்த்து வைத்ததுபோல ஓர் ஒற்றை ரூபாய் நாணயம்.

அதைப் புடவை முந்தானையில் துடைத்து மேலே நீட்டினார். “அண்ணே, கண்ணாடி போட்டிருக்கீங்கள்ல. என்ன வருசம்னு பாத்துச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“ம்” என்றார். கையை நீட்டிக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “இது நான் வச்சது” என்றார்.

“என்ன டீச்சரம்மா, புதையலா?” என்று பஞ்சவர்ணம் கேட்டார்.

“புதையல்தான். நானே பொதைச்சது.”

விஷயம் இதுதான். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் தோண்டி மூடிய அதே குழியை, ஓய்வுபெறப் போகிற வருடத்தில் அவர் மறுபடியும் தோண்டியிருந்தார். சுற்றிலும் யாரும் தொடாத மண் ஏக்கர் கணக்கில் கிடந்தது.

தேதி விஷயத்தில் என் கஷ்டம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். எனக்குத் தேதி வேண்டும். ஆரப்பாளையத்தில் மருந்துக்கடை நடத்துகிறவன் நான். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம் திருப்பி, எப்போது தயாரித்தது, எப்போது காலாவதி என்று பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்தைப் பார்ப்பேன். புத்தகத்தையும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான்.

ஆனால் இந்த இதழின் ஆசிரியர், முதல் சில அத்தியாயங்கள் வந்த பிறகு தொலைபேசியில் அழைத்து, தேதிகளைக் குறைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். வாசகர்கள் தேதி வரும் இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்களாம். எனவே நாணயத்தில் இருந்த வருடத்தை நான் இங்கே எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அவரைப் பேராசிரியர் என்று நான் எழுதுவது மரியாதைக்காக. பல்கலைக்கழகம் அவரைக் கடைசிவரை இணைப் பேராசிரியர் என்றுதான் சொன்னது. காரணம் பின்னால் வருகிறது.

மண்ணுக்கு அறுவை சிகிச்சை

அவர் எனக்குப் பழக்கமானது கடையில்தான். மாதம் ஒருமுறை வருவார். அறுவை சிகிச்சைக் கத்தியின் பிளேடுகள், இடுக்கி, பஞ்சு, அலுமினியத் தாள், சின்னச் சின்ன ஜிப் கவர்கள். மூன்றாவது முறை நான் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரி இல்ல. மண்ணுக்கு” என்றார்.

வரலாற்றுப் புத்தகங்களைக் கல்லாவுக்குக் கீழே வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடன் போகத் தொடங்கினேன். அளவுக்கோலைப் பிடிப்பது, குடை பிடிப்பது, பொட்டலங்களில் தேதி எழுதுவது. கடைசி வேலைக்கு வேறு யாரையும் நான் விட்டதில்லை.

ஓடுகளுக்கு நடுவே கல்லா எலும்பா என்று சந்தேகமாக ஏதாவது வந்தால், அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். எலும்பு என்றால் நாக்கில் ஒட்டும். கல் ஒட்டாது. அந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். ரமலான் மாதத்தில் தோண்டுதல் நடந்தால் அந்தத் துண்டு என்னிடம் வரும்.

“அண்ணே, நீங்க வச்சுப் பாருங்க. நான் நோம்பு.”

இந்த வகையில் மதுரைச் சமவெளியின் பல எலும்புகளை நான் சுவைத்திருக்கிறேன். அறிக்கைகளில் இது குறிப்பிடப்படவில்லை.

பீங்கான் கடைக்காரர் மகள்

அவருடைய அத்தா தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பீங்கான் கடை வைத்திருந்தார். கப், சாஸர், ஊறுகாய் ஜாடி. வைக்கோல் அடைத்த பெட்டிகளைப் பிரிக்கும்போது உடைந்தவற்றைத் தனியே கூட்டி ஓரமாகக் குவிப்பார்கள். சிறுமியாக இருந்தபோது அந்தக் குவியலில் உட்கார்ந்து எந்தத் துண்டு எந்தக் கோப்பையுடையது என்று ஒட்டவைத்துப் பார்ப்பாராம். நான் இதை நம்பவில்லை. பேட்டிகளில் சொல்வதற்காக எல்லோரும் வைத்திருக்கும் பால்யக் கதை என்று நினைத்தேன். ஒருநாள் அவர் தம்பியிடம் கேட்டேன். “ஒட்டவச்சா பரவால்லையே. கையை வெட்டிக்கிட்டு வரும்” என்றார்.

முதுகலை முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தொல்லியல் என்றால் என்ன வேலை என்று கேட்டார்கள். குழி தோண்டுவது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களிடம் காலேஜ் வேலை என்று அத்தாவே முந்திக்கொண்டார். அந்தச் சம்பந்தம் நிலைத்தது. கணவர் மின்வாரியத்தில் இருந்தார். மின்வாரியத்தாரும் ஊர் ஊராகக் குழி தோண்டுகிறவர்கள்தான் என்பதால் வீட்டில் பிரச்சினை வரவில்லை.

தோண்டிய ஓடுகளைக் கழுவிக் காயவைக்கத் துறையில் இடமில்லாமல் ஒருமுறை வீட்டு மாடியில் பரப்பியிருந்தார். அத்தா ஏறிவந்து வெகுநேரம் பார்த்தார்.

“உடைஞ்சதைப் பூராம் நான் வெளியே கொட்டுனேன். அல்லா அம்புட்டையும் பொறுக்கி என் மக வீட்டுக்கே அனுப்பிட்டான்” என்றாராம்.

கழுவி வைத்த டப்பாக்கள்

தென்னந்தோப்பின் முதல் குழிக்கு வருகிறேன்.

அதைத் தோண்டியபோது ஜெய்த்தூன் ஆராய்ச்சி மாணவி. தலைமை தாங்கியது அவருடைய ஆசிரியர். நல்ல குழி. மேலிருந்து கீழே வரை வரிசையாக மண்ணடுக்குகள், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அடுப்பு. மூன்று கல் கூட்டி யாரோ சமைத்த அடுப்பு. சாம்பலும் கரியும் அப்படியே இருந்தன.

கரி கிடைத்தால் தேதி கிடைக்கும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அந்த விறகு எப்போது எரிந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஓடுகளை வைத்து இன்ன காலம் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். கரியை வைத்தால் யாரும் வாதாட முடியாது.

அந்தக் காலத்தில் அதற்குப் பணம் ஒதுக்கி அனுப்புவது சுலபமாக இல்லை. கரியைத் தாளில் சுற்றி, பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பாக்களில் போட்டு, துறை அலமாரியில் வைத்தார்கள். ஆசிரியர் இறுதி அறிக்கையை எழுதுவதற்குள் காலமாகிவிட்டார். அறிக்கை ஜெய்த்தூன் பொறுப்பில் வந்தது. தோண்டியதை எழுதாமல் விட்டால் அது ஆராய்ச்சி இல்லை, மண் அள்ளியது என்பார் ஜெய்த்தூன். எழுதவும் தொடங்கினார். கரியை அனுப்ப அனுமதியும் வாங்கினார்.

இடையில் துறை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. அவர் தேர்வுப் பணிக்கு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது புது அறையில் அலமாரி இருந்தது. டப்பாக்கள் இருந்தன. பளபளவென்று, மூடி தனியே, டப்பா தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அலுவலக உதவியாளர் நல்ல மனிதர். சொல்லாமலேயே வேலை செய்கிறவர். “உள்ளே வெறும் கரிதான் கெடந்துச்சு மேடம். கொட்டிட்டு நல்லா கழுவி வச்சிட்டேன்” என்றார்.

ஜெய்த்தூன் அவருக்கு நன்றி சொன்னாராம். வேறு என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார்.

அதன்பின் அவருடைய எல்லாக் கட்டுரைகளிலும் அந்தத் தோப்பின் காலம் ‘தோராயமாக’ என்ற சொல்லுடன்தான் வந்தது. பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் வெளியூர் நிபுணர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் அகழாய்வுக்கு உறுதியான தேதி உண்டா? இல்லை என்றார். அவர்கள் டீ கொடுத்தார்கள். இவர் குடித்துவிட்டு வந்தார். இரண்டாம் முறையும் அதே கேள்வி வந்தது. மூன்றாம் முறை இவர் போகவில்லை.

பதவி போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் பார்க்கவில்லை. ‘தோராயமாக’ என்ற அந்தச் சொல்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஓடுகளைப் பார்த்துத் தான் சொன்ன காலம் சரி என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். நிரூபிக்க ஒரு கைப்பிடிக் கரி இல்லை.

ஒரே குழி

ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது தோப்பை மனையாகப் போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. உரிமையாளர் சோலைமலை, ஜெய்த்தூனின் வயதுக்காரர். அந்தக் காலத்தில் குழிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர். பிள்ளைகள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். தென்னைக்கு ஆள் கிடைக்கவில்லை. விற்பதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பேராசிரியர் அலைந்து திரிந்து அனுமதி வாங்கினார். ஒரே ஒரு குழி, அதுவும் சின்னது, சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். அதன்பின் அங்கே சாலை போடுவார்கள். அந்த அடுப்பின் காலத்து மண்ணைத் தொடவும் கரி எடுக்கவும் அதுதான் கடைசி வாய்ப்பு.

எங்கே தோண்டுவது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. பழைய குழியை ஒட்டினாற்போல, அதன் கிழக்கே. பழைய குழி எங்கே இருந்தது என்பதிலும் குழப்பம் இல்லை. தோண்டுவதற்கு முன் இவர்கள் ஓரிடத்தில் ஒரு கல்லை நடுவார்கள். எல்லா அளவும் அந்தக் கல்லிலிருந்துதான். கல் இருந்தது. வெள்ளையடித்து, பார்க்க லட்சணமாக இருந்தது. அதிலிருந்து அளந்து கயிறு கட்டினோம். நாடாவின் ஒரு முனையைப் பிடித்தது நான்.

இரண்டாம் நாளே மண் பொலபொலவென்று வந்தது. “இந்தப் பூமி ரொம்ப தங்கமான பூமி டீச்சரம்மா. கேக்காமலேயே குடுக்குது” என்றார் பஞ்சவர்ணம். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அடுக்குகள் தெரியவில்லை, மண் கலங்கியிருக்கிறது என்றார். பிறகு, தோப்புக்குக் கண்மாய் வண்டல் அடித்திருப்பார்கள் என்றார். இன்னும் கீழே போனதும், ஒருவேளை அந்தக் காலத்துப் பெரிய குப்பைக் குழியாக இருக்கலாம் என்றார். அவர் குரலில் ஆசை இருந்ததை நான் அப்போதுதான் முதலில் கேட்டேன்.

அப்புறம் நீலத் தாள் வந்தது.

தாளுக்கும் காசுக்கும் காரணம் சொல்ல வேண்டும். தோண்டி முடித்த குழியை மூடுவதற்கு முன், அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் கீழே அந்த வருடம் அச்சடித்த நாணயம் ஒன்றை வைப்பது அவருடைய ஆசிரியரின் வழக்கம். பிற்காலத்தில் யாராவது அறியாமல் அங்கே தோண்டினால், இந்த வருடத்தில் இதுவரை ஆள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்தது.

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை

பேராசிரியர் மேலே ஏறிவந்து கல்லிலிருந்து மறுபடியும் அளந்தார். அளவு சரியாக இருந்தது. சோலைமலையைக் கூப்பிட்டுவிட்டார்.

“சோலைமலையண்ணே, இந்தக் கல்லு இங்கதானே இருந்துச்சு?”

“கல்லுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா” என்றார் அவர், கொஞ்சம் பதறி.

“ஆகலை. இங்கதான் இருந்துச்சா?”

“நீங்க அன்னைக்குப் போறப்ப என்ன சொன்னீங்க? ‘அண்ணே, என்ன ஆனாலும் இந்தக் கல்லைப் பத்திரமாப் பாத்துக்கங்க’ன்னு சொன்னீங்களா இல்லையா? சொட்டுநீர்க் குழா பதிக்க வந்த பயலுக ஒடைச்சுப்புடுவாங்கன்னு, நானே கடப்பாரையப் போட்டு நெம்பி, அலுங்காமத் தூக்கியாந்து இங்கிட்டு நட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறேன். வேணும்னா பஞ்சவர்ணத்தைக் கேளுங்க.”

“அடிக்கிறாருத்தா. வீட்டுக்குக்கூட அடிக்கிறதில்ல” என்றார் பஞ்சவர்ணம்.

பேராசிரியர் கல்லைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கல் நகர்ந்த தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் குழியும் நகர்ந்து, பழைய குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பழையது பெரியது, இது சின்னது. அதனால் சுவர்கூடத் தட்டுப்படவில்லை.

“ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கண்ணே” என்றார்.

சோலைமலைக்குச் சந்தோஷம். இளநீர் வெட்டப் போனார்.

ஜெய்த்தூன் தென்னை நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு. முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். இன்னும் சில நாளில் அனுமதி முடிகிறது. புதுக் குழிக்கு நேரம் இல்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வராது. கடையில் எல்லாவற்றுக்கும் மாத்திரை இருந்தது.

அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

“அண்ணே, கடையில பெரிய பிளேடு இருக்கும்ல?”

“இருக்கும். எதுக்கு மேடம்?”

“குழி போச்சு. செவரு போகலை.”

சுவர்

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. முதல் குழியைத் தோண்டியபோது அந்த அடுப்பு முழுதாகக் குழிக்குள் வரவில்லை. தெற்குச் சுவரில் பாதி, உள்ளே பாதி. குழிக்குள் வந்த பாதியைத்தான் எடுத்தார்கள். அதுதான் டப்பாக்களுக்குப் போய், அங்கிருந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனது. மறுபாதி சுவருக்குள்ளேயே இருந்தது. அரைவட்டமாக அந்த அடுப்பை அவரே வரைந்து தன் ஆய்வேட்டில் சேர்த்திருந்தார். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். அரைவட்டத்தைப் பார்த்தபோது முழுவட்டத்தைப் பற்றி எனக்கு நினைப்பு வரவில்லை.

இப்போதைய குழியின் தெற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு முழம் சுரண்டினால் பழைய குழியின் சுவர் வரும். அடுக்குகள் கலையாமல், தொடாமல். அதன் அடியில் அந்தக் கரி இருக்க வேண்டும். தென்னை வேர் உள்ளே போகாமல் இருந்தால். எலி வளை இல்லாமல் இருந்தால்.

மறுநாள் பெண்கள் சுரண்டினார்கள். பொலபொலத்த மண் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அதற்குப் பின்னால் இறுகிய மண், வரிவரியாக. பஞ்சவர்ணம் கையால் தட்டிப் பார்த்து, “இது வேற மண்ணு டீச்சரம்மா” என்றார். அன்று அடிவரை போக நேரம் போதவில்லை.

அடுத்த நாள் மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. மனை போடுகிறவர்களின் ஜேசிபி முன்கூட்டியே வந்து தோப்பின் ஓரத்தில் நின்றது. ஓட்டுநர் தேனிப் பக்கத்துக்காரர். வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. எல்லோரும் சாலையோரம் டீ குடிக்கப் போனோம். திரும்பும்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

ஜேசிபியின் பக்கெட் குழியின் தெற்கு விளிம்புக்கு மேலே நின்றது. பற்கள் கீழ்நோக்கி இருந்தன.

பேராசிரியருக்கு மூட்டு வலி. அதற்கான மாத்திரை நான் கொடுப்பதுதான். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார். போய் பக்கெட்டுக்குக் கீழே, அந்த விளிம்பிலேயே நின்றார்.

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். “என்னம்மா, இப்பிடிக் கரண்டி வச்சுச் சொரண்டிக்கிட்டு இருக்கீங்க. எம்புட்டு வேணும்னு சொல்லுங்க. அஞ்சு நிமிசத்துல எடுத்துத் தாரேன். காசெல்லாம் வேணாம்.”

“தம்பி, வேணாம்ப்பா.”

“ஒதவிக்குத்தாம்மா.”

“தெரியுதுப்பா” என்றார் ஜெய்த்தூன். மூச்சு வாங்கியது. “இந்தக் குழிக்கு எல்லாரும் ஒதவிதான் செஞ்சிருக்காங்க. இனிமே வேணாம்.”

அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கொஞ்சம் மனவருத்தம்தான். அப்புறம் சோலைமலை அவரிடம் இளநீர் கொடுத்து ஏதோ பேசினார்.

மதியத்துக்கு மேல் சுவரின் அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பிளேடு போகப் போக அது வளைந்தது. நான் பார்த்திருந்த படத்தின் அரைவட்டம் எந்தப் பக்கம் வளைந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம். ஒரு கல், அதன் அடியில் சாம்பல், சாம்பலுக்குள் விரல் நுனியளவு கரித் துண்டுகள். வேர் இல்லை. வளை இல்லை.

சோலைமலை பழக்கத்தில் பீடியை எடுத்தார். “யோவ், சாம்பல் விழுந்துச்சுன்னா உன் வயசைத்தான்யா சொல்லும்” என்று பஞ்சவர்ணம் அதட்டினார். அவர் தோப்பின் அந்தக் கோடிக்குப் போனார். புதுச் சாம்பல் கலந்தால் கரி கெட்டுவிடும் என்று பேராசிரியர் காலையில்தான் பெண்களிடம் சொல்லியிருந்தார்.

கையால் தொடக்கூடாது. இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் வைத்தார். மடித்தார். நான் தேதி எழுதினேன். அவர் பொட்டலங்களை டப்பாவில் போட்டு, டப்பாவைத் தன் கைப்பையில் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துறை அலமாரிக்கு அது போகவேயில்லை. நேராகக் கூரியர் அலுவலகத்துக்குப் போனோம்.

காசு இல்லை

அதற்கு முன் குழியை மூட வேண்டும். பழைய தாளை அதே இடத்தில் விரித்தோம். பழைய ரூபாயை முன்போலவே அதன் அடியில் வைத்தார். அதனுடன் இந்த வருடத்து நாணயம் ஒன்றும் வைக்க வேண்டும் அல்லவா, இரண்டாம் முறை ஆள் வந்ததற்கு அடையாளமாக.

யாரிடமும் காசு இல்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் பையைத் தடவினார்கள். போன் இருந்தது. பஞ்சவர்ணத்தின் சுருக்குப்பையில் நோட்டுகளும் வெற்றிலையும் இருந்தன. ஜேசிபி ஓட்டுநரும் போனைத்தான் காட்டினார். டீக்கடைக்கு ஆள் அனுப்பினோம். கடைக்காரர் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டையைக் காட்டிவிட்டு, சில்லறை பார்த்து மாதக்கணக்காகிறது என்று சொல்லியனுப்பினார். சோலைமலையிடம் ஒரு காசு கிடைத்தது. தேய்ந்துபோய் வருடமே தெரியவில்லை. வருடம் தெரியாத காசு இந்த வேலைக்கு உதவாது.

தூறல் தொடங்கியது. நான் என் சட்டைப் பையில் கையை விட்டேன். ரத்த அழுத்த மாத்திரை அட்டை இருந்தது. ஒரு மாத்திரைதான் மிச்சம். அதை வாயில் போட்டுக்கொண்டு காலி அட்டையை நீட்டினேன்.

பேராசிரியர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் தயாரித்த மாதமும் வருடமும், காலாவதியாகும் மாதமும் வருடமும் அச்சாகியிருந்தன. தொகுப்பு எண்ணும் இருந்தது.

“காசுல வருசம் மட்டும்தாண்ணே இருக்கும். இதுல மாசமும் இருக்கே” என்றார்.

ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தார். ஓட்டுநரைப் பார்த்து, “தம்பி, இப்ப வாப்பா” என்றார். அஞ்சு நிமிடம் என்று அவர் சொன்னது உண்மைதான்.

கூட்டல் கழித்தல்

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தபோது ஜெய்த்தூன் ஓய்வுபெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கடைக்கு வந்து போனில் காட்டினார். ஓடுகளை வைத்து இத்தனை வருடமாக அவர் தோராயமாகச் சொல்லிவந்த அதே காலத்துக்குள்தான் கரியின் தேதியும் விழுந்திருந்தது. அதற்கும் ஆய்வுக்கூடத்தார் இத்தனை வருடம் கூட்டல் கழித்தல் என்று போட்டிருந்தார்கள்.

“அப்ப இதுவும் தோராயம்தானே மேடம். என்ன மாறிச்சு?” என்று கேட்டேன்.

“முன்னாடி நான் சொன்னேன். இப்பக் கரி சொல்லுது. கரியை இன்டர்வியூவுக்குக் கூப்பிட மாட்டாங்கண்ணே.”

அறிக்கை அச்சாகிவிட்டது. முகப்பில் காலமான தன் ஆசிரியரின் பெயர் முதலில், தன் பெயர் இரண்டாவது. பெயருக்குப் பின்னால் இணைப் பேராசிரியர், ஓய்வு. உள்ளே முழுவட்டமாக அடுப்பின் படம். வடக்குப் பாதிக்கும் தெற்குப் பாதிக்கும் நடுவே மெல்லிய கோடு போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பிற்காலத்தில் தோண்ட வருகிறவர்களுக்குச் சில வரிகள்: குழியின் அடியில் ஒரு ரூபாய் நாணயமும் ஒரு மாத்திரை அட்டையும் உள்ளன. அளவுக் கல் நகர்த்தப்பட்டது, அதை நம்ப வேண்டாம்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போகும்போது இருவரும் இறங்கிப் பார்த்தோம். தென்னை இல்லை. செம்மண் சாலை போட்டு, மனைக்கு மனை நாலு மூலையிலும் கல் நட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் வெள்ளை. சோலைமலையும் வந்திருந்தார். உங்கள் கல் எது என்று கேட்டேன். அவர் நின்று யோசித்தார். இரண்டு மூன்று கற்களைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுதான். பத்திரமா இருக்கு” என்றார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாலையில் ஓரிடத்தில் போய் நின்றார். அதுதான் இடம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

“உங்க மாத்திரை எப்பண்ணே காலாவதி?” என்று அங்கிருந்தே கேட்டார்.

மாதமும் வருடமும் சொன்னேன்.

“ம், இன்னும் டயம் இருக்கு” என்றார்.